மூலைமட்டமும் வாசற்கதவும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரொன்றில் மேசன்மாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் உங்களிற் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். எங்கள் பெரியமடுவில் மேசன் என்றால் கல்லடுக்கிச் சாந்து பூசிச் சுவர் எழுப்புகிறவர். அவருக்குப் பக்கத்தில் நின்று கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை 'முட்டாள்' என்போம். அதில் வசை எதுவும் இல்லை. முட்டுக்கு நிற்கிற ஆள், அவ்வளவுதான். என் பெரியமாமா முட்டாளாகத் தொடங்கி மேசனாக உயர்ந்தவர். இன்றைய பேச்சுக்கு வித்திட்டவர் அவர்தான்.

2003ஆம் ஆண்டு. பாதை திறந்திருந்த காலம். மாமாவின் கண் வைத்தியத்துக்காக அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு பின்னேரம் நடந்து போகையில் பழைய கட்டடமொன்றின் முன்னால் அவர் நின்றுவிட்டார். வாசலுக்கு மேலே மூலைமட்டம் ஒன்றும், அதன்மேல் கவராயம் ஒன்றும் குறுக்காகப் பொறிக்கப்பட்டிருந்தன. "தம்பி, இது எங்கடை ஆக்களின்ரை சங்கமோ?" என்று கேட்டார். "இல்லை மாமா, இது பிறீமேசன் என்ற சபை. பெரிய மனிசர் கூடுற இடம்" என்றேன். அந்நேரம் காரில் வந்திறங்கிய இரண்டு கனவான்கள் உள்ளே சென்றனர். மாமா அவர்களின் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "ஆயுதமெல்லாம் எங்கடைதான். ஆனா சாந்து ஒட்டின கை ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று அவர் சொன்ன அந்த ஒரு வசனம் என்னை விடவில்லை. அந்தச் சபை எப்படித் தோன்றியது, நமது தென்பகுதிக்கு எப்படி வந்து கிளைவிட்டது என்று தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. இது ஒரு வாசலின் வரலாறு. உள்ளே போனவர் யார், வெளியே நின்றவர் யார், வெளியே நின்றவர் எப்படிக் கதவைத் தட்டினார் என்பதே அதன் சாரம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அந்தச் சபையின் கிளைக்கு 'லொட்ஜ்' என்று பெயர். லொட்ஜ் என்றால் வடபகுதியிலிருந்து கொழும்புக்குப் போய் வந்த நமக்கு நினைவு வருவது மூட்டைப்பூச்சிக் கட்டிலும் பொலிஸ் பதிவும்தான். ஆனால் ஐரோப்பாவில் பேராலயங்கள் எழுந்த நூற்றாண்டுகளில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. கட்டுமானம் நடக்கும் இடத்தருகே கல்தச்சர் தங்கள் ஆயுதங்களை வைக்கவும், கல்லைக் கொத்தவும், களையாறவும் போட்டுக்கொண்ட கொட்டில்தான் லொட்ஜ். தொழில் நுணுக்கத்தை வெளியாருக்குச் சொல்லாதிருத்தல், ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளியை அடையாளங் காணுதல், நோயுற்றவன் குடும்பத்தைத் தாங்குதல் என்ற வழக்கங்கள் அந்தக் கொட்டில்களில் வளர்ந்தன.

காலம் மாறப் பேராலய வேலைகள் குறைந்தன. கல் கொத்தாத கனவான்களும் அந்தக் கொட்டில்களில் உறுப்பினராகச் சேர்ந்தனர். 1717 ஜூன் 24ஆந் திகதி லண்டனில் நான்கு லொட்ஜுகள் கூடித் தமக்கு ஒரு பெருஞ்சபையை அமைத்தன. அதுவே இன்றுள்ள பிறீமேசன் சபைகளின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது. அங்கே ஆயுதங்கள் வெறும் குறியீடுகளாயின. மூலைமட்டம் நேர்மைக்கு அறிகுறி. கவராயம் ஆசைக்கு எல்லை வகுப்பதற்கு. தூக்குக்குண்டு நிமிர்ந்த வாழ்வுக்கு. நீர்மட்டம் மனிதர் யாவரும் சமம் என்பதற்கு. கல் தச்சரின் தோல் ஏப்ரன் பூவேலைப்பாட்டுடன் சடங்குடையாயிற்று. மாணாக்கன், உடன்தொழிலாளி, தலைமைத் தொழிலாளி என்ற மூன்று படிகளும் அப்படியே நின்றன.

தமிழாசிரியன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைத் தொட்டுச் செல்ல வேண்டும். நம் மொழியில் 'மட்டம்' என்றால் சமநிலை. 'மட்டமான ஆள்' என்றால் கீழானவன். ஒரே சொல் சமத்துவத்தையும் தாழ்வையும் சுமந்து நிற்கிறது. பிறீமேசன் சபையின் வரலாறும் அந்த இரு பொருளுக்கும் இடையில்தான் நடந்தது.

1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் தொகுத்த சட்டநூல், எல்லா மனிதருக்கும் பொதுவான மதம் எதுவோ அதுவே உறுப்பினருக்குப் போதும், தனித்தனிக் கொள்கைகளை அவரவர் தம்முடன் வைத்துக்கொள்ளலாம் என்றது. மதத்துக்காக மனிதர் வெட்டுண்டு மடிந்த ஐரோப்பாவில் இது பெரிய வார்த்தை. ஆனால் அதே நூல் பெண்களும் அடிமைகளும் உறுப்பினராக முடியாது என்றும் எழுதி வைத்தது. அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்றவனுக்கும் இடம் கிடைக்கும்படி 'சுதந்திரனாய்ப் பிறந்தவன்' என்ற சொற்றொடரை 'சுதந்திர மனிதன்' என்று இங்கிலாந்துப் பெருஞ்சபை மாற்றியது 1847இல்தான்.

கத்தோலிக்க மக்கள் நிறைந்த மன்னாரிலிருந்து பேசுகின்றவன் இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. 1738இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ற் இச்சபையைத் தடைசெய்தார். 1983 நவம்பரில் வத்திக்கான் அத்தடையை மீண்டும் உறுதிப்படுத்தியது. எல்லா மதமும் சமம் என்று கூடும் இடத்தில் இரகசியச் சத்தியம் செய்வதைத் திருச்சபை ஏற்கவில்லை. அது அவர்களின் நியாயம்.

எழுத்தாளரும் கலைஞரும் இச்சபையில் பெரிதும் ஈடுபட்டிருந்தனர். மொசார்ட் அதன் உறுப்பினர். 1791இல் அரங்கேறிய அவரது 'மந்திரப் புல்லாங்குழல்' இசை நாடகத்தில் அச்சடங்குகளின் சாயல் உண்டு. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படித்தவர்களுக்கு, மனம் உடைந்த பியேர் கண் கட்டப்பட்டு அந்தச் சபைக்குள் அழைத்துச் செல்லப்படும் கட்டம் மறவாது. பியேர் அங்கே போனது உண்மையைத் தேடி. நாளடைவில், தன்னோடிருப்பவரிற் பலர் செல்வாக்குத் தேடி வந்தவர்கள் என்று கண்டு சோர்ந்து போகிறான். இச்சபையை டால்ஸ்டாய் எடைபோட்ட விதம் அது.

இனி நம் பக்கம் வருவோம். கும்பனிக் கப்பல்களோடு இந்த லொட்ஜும் இந்தியாவில் கரையிறங்கியது. 1730இல் கல்கத்தாவில், 1752இல் சென்னையில். 1786இல் சென்னையில் தோன்றிய 'பெர்பெக்ட் யுனானிமிற்றி' என்ற லொட்ஜ் தென்னிந்தியாவின் பழம்பெரும் லொட்ஜாகப் போற்றப்படுகிறது. இலங்கையிலோ ஆங்கிலேயருக்கு முன்பே, 1770களில், கொழும்பில் ஒல்லாந்தர் லொட்ஜ் வைத்துவிட்டனர். உறுப்பினர் யாவரும் வெள்ளைக்காரர்: கும்பனி உத்தியோகத்தர், படை அதிகாரிகள், வணிகர். படைப்பிரிவு மாறினால் லொட்ஜும் இடம் மாறும். யுத்தம் வந்தால் மூடப்படும். இது தன்னூருக்கு ஏங்கிய அந்நியரின் கூடாரமேயன்றி, இந்த மண்ணில் வேர்விட்ட மரமன்று.

அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்த நம் நாட்டவர் ஒருவரின் கதை திருச்சிராப்பள்ளியில் தொடங்குகிறது. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1775 அளவில் அவர் திருச்சியில் பிறீமேசனாக உறுதியேற்றார். செய்தி லண்டனுக்கு எட்டியது. பெருஞ்சபை மகிழ்ந்து, அழகிய வேலைப்பாடு கொண்ட ஏப்ரன் ஒன்றையும், சிறப்பாகக் கட்டடம் செய்யப்பட்ட சட்டநூலையும் அவருக்கு அனுப்பியது. இளவரசர் பாரசீக மொழியில் நன்றிக் கடிதம் எழுதிப் பொற்சரிகைத் துணியில் பொதிந்து அனுப்பினார். சகோதரர்கள் சகோதரருக்கு எழுதிய கடிதங்கள்.

நேயர்களே, இந்தக் கதையின் பிற்பாதியைச் சபையின் விழாமலர்களில் தேடிப் பயனில்லை. அரசியல் வரலாற்றில்தான் தேட வேண்டும். 1795இல் அவர் நவாப் ஆனார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கிடைத்த கடிதங்களைக் காட்டி, அவர் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தாரெனக் கும்பனி குற்றஞ்சாட்டியது. 1801 ஜூலையில் அவர் மரணப்படுக்கையில் கிடக்கையில் கும்பனிப் படை சேப்பாக்கம் அரண்மனை வாசலில் நின்றது. அவர் கண்மூடினார். நிபந்தனைகளுக்கு அவருடைய மகன் இணங்கவில்லை. இணங்கிய உறவினர் ஒருவரை நவாபாக்கி அதே மாத இறுதியில் கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பனி தன் கையில் எடுத்துக்கொண்டது. லொட்ஜின் வாசல் ஓர் இளவரசருக்குத் திறந்தது. சொந்த அரண்மனையின் வாசலை அந்தச் சகோதரத்துவத்தால் காக்க முடியவில்லை. கும்பனி வேறு, சபை வேறு என்று வாதிடலாம், அது சரிதான். ஆனால் சமத்துவம் என்பது மண்டபத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம் என்றால், அதைக் கொண்டு வெளியே என்ன வாங்கலாம்?

இளவரசருக்குத் திறந்த கதவு சாதாரண மனிதருக்கு இலேசில் திறக்கவில்லை. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவான் ஏற்கப்படாமல் பாரிஸ் நகருக்குப் போய் அங்கே உறுதியேற்றுத் திரும்பினார். அதன்பின் 1843இல் ஜேம்ஸ் பேண்ஸ் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர், இந்தியரைச் சேர்ப்பதற்கென்றே பம்பாயில் ஒரு லொட்ஜைத் தொடக்கினார். மேற்கிந்தியாவின் உதயதாரகை என்பது அதன் பெயரின் பொருள்.

வங்காளத்தில் நடந்தது இதைவிடப் பெரிய வழக்கு. பிரசன்ன குமார் தத்தர் 1863இல் விண்ணப்பித்தார். இந்துக்கள் பல தெய்வம் வணங்குபவர். அவர்கள் ஒரே கடவுளின் பேரால் எப்படிச் சத்தியம் செய்வர்? சாதி பார்ப்பவர் எப்படிச் சகோதரர் ஆவர்? இப்படித் தடைகள் எழுந்தன. தத்தர் சோரவில்லை. லண்டன் வரை முறையிட்டார். ஒன்பது ஆண்டுகள் போராடி 1872இல் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லொட்ஜுக்குள் நுழைந்தார். பொதுவான மதம் போதும் என்று 1723இல் சொல்லிவிட்டு, இந்துவை வெளியே நிறுத்துவது எந்த மூலைமட்டத்துக்குப் பொருந்தும் என்பதே இந்த வழக்கின் உயிர்நாடி. சபையின் சொல்லை வைத்தே சபையை அளந்தார்கள். கோணல் யார் பக்கம் என்பது தெரிந்துபோயிற்று.

தத்தர் திறந்த அதே லொட்ஜுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1884இல், ஓர் இளைஞர் நுழைந்தார். நரேந்திரநாத தத்தர் என்பது அவர் பெயர். பின்னாளில் உலகம் அவரைச் சுவாமி விவேகானந்தர் என்று அறிந்தது. 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் பேசி, அங்கிருந்து கடல்கடந்து பாம்பனில் கால்வைத்தவர் அவர்.

சென்னையிலும் காற்று மாறிற்று. 1883இல் இந்தியருக்கென 'கர்நாட்டிக்' லொட்ஜ் தொடங்கப்பட்டது. வழக்கறிஞரும் அரசாங்க உத்தியோகத்தரும் நிலவுடைமையாளரும் அடங்கிய ஆங்கிலம் படித்த கூட்டம் அப்போது திரண்டுகொண்டிருந்தது. வெள்ளைக்கார அதிகாரியோடு கைகுலுக்கிச் 'சகோதரரே' என்று விளிக்கக்கூடிய வேறிடம் அவர்களுக்கு ஊரில் ஏது? கிளை வேகமாக வளர்ந்ததற்குத் தத்துவத்தோடு இந்தத் தாகமும் காரணம் எனலாம்.

அந்தத் தாகத்தின் மறுபக்கத்தை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். 1886இல், இருபது வயதில், லாகூர் லொட்ஜொன்றில் சேர்ந்தார். அந்த அனுபவத்தை வைத்து 'தாய் லொட்ஜ்' என்று பொருள்படும் கவிதையைப் பாடினார். ஏகாதிபத்தியக் கவி என்று நாம் ஒதுக்கும் அவரிடம் இப்படியொரு பாட்டா என்று வியக்க வைப்பது அது. வெளியே ஐயா என்றும் சல்யூட் என்றும் நடப்பவர்கள் உள்ளே வந்ததும் சகோதரர் ஆகிவிடுகிறார்கள். முஸ்லிம், சீக்கியர், யூதர், வங்காள பாபு, கத்தோலிக்கர் எல்லோரும் கூடிக் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் விருந்து மட்டும் வைப்பதில்லை. ஒரு சகோதரரின் சாதி ஆசாரம் கெட்டுவிடக்கூடாதே! கவிஞர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மரியாதையாகவே சொல்கிறார். வாசிக்கும் நமக்குத்தான் உறைக்கிறது. ஒன்றாகச் சிந்திக்க முடிந்தவர்கள் ஒன்றாக உண்ண முடியவில்லை.

இந்தச் சகோதரரிடையே சகோதரிகளைக் காணோமே என்று நீங்கள் கேட்கலாம். பெண்களுக்குக் கதவு மூடியே இருந்தது. பாரிஸில் மரியா டெரெம் என்ற மாதரசியும் ஜோர்ஜ் மார்ட்டினும் 1893இல் ஆண் பெண் இருபாலாருக்குமான தனிச் சபையை நிறுவினர். அதில் 1902இல் சேர்ந்த அன்னி பெசன்ற் அம்மையார் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1903இல் காசியில் தர்மா லொட்ஜ் உருவாயிற்று. சென்னை அடையாற்றில் 'இந்தியாவின் உதயசூரியன்' எனப் பொருள்படும் லொட்ஜ் எழுந்தது. பழைய சபை இந்தக் கிளையை இன்றும் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை. ஆயினும், கதவு திறக்காவிட்டால் வேறு வீடு கட்டலாம் என்று காட்டியவர் அந்த அம்மையார்.

1925இல் சென்னை எழும்பூரில் பிறீமேசன் மண்டபம் எழுந்தது. உயர்ந்த தூண்களோடு இன்றும் நிற்கும் கட்டடம். நாடு சுதந்திரம் பெற்றபின், லண்டனும் எடின்பரோவும் டப்ளினும் ஆண்ட லொட்ஜுகள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1961 நவம்பர் 24ஆந் திகதி புதுடில்லியில் இந்தியப் பெருஞ்சபை உதயமானது. மூன்று தாய்ச் சபைகளும் கூடி நின்று அதனை நிறுவிக் கொடுத்தன. முதற்றலைவர் ராம்பூர் நவாப் ரஸா அலி கான். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என நான்கு வட்டாரப் பெருஞ்சபைகள் அதன்கீழ் வகுக்கப்பட்டன. தென்னிந்திய வட்டாரத்துக்குச் சென்னையே தலைமையிடம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எங்கும் இன்று அதன் லொட்ஜுகள் உண்டு. கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான மருத்துவ நிலையம் போன்ற அறப்பணிகளால் ஊர் அதனை அறியும். எல்லா லொட்ஜுகளும் புதிய சபைக்கு மாறிவிடவில்லை. சில பழைய தாய்ச் சபையோடே நின்றன. அதுவும் அனுமதிக்கப்பட்டது.

இந்தியப் பெருஞ்சபையின் பீடத்தில் ஐந்து வேதநூல்கள் வைக்கப்படுகின்றன: கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், அவெஸ்தா. பல தெய்வம் வணங்குபவர் சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்ட வாசலில் கீதை இடம்பிடித்தது. கல்கத்தாவில் ஒருவர் ஒன்பது வருடம் கதவைத் தட்டியது வீண்போகவில்லை. நமது இலங்கையிலோ தனிப் பெருஞ்சபை அமையவில்லை. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று சபைகளின் லொட்ஜுகளும் பக்கத்தில் பக்கத்தில் இயங்குகின்றன.

ஆக, தெற்கின் இந்தக் கிளை எப்படி வளர்ந்தது? உள்ளே இருந்தவர்கள் பெருந்தன்மையால் கதவைத் திறந்து வைத்ததாலா? சிலர் திறந்தார்கள், பேண்ஸ் போன்றவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும், வெளியே நின்றவர்கள் 'நீங்கள் எழுதி வைத்ததை நீங்களே வாசியுங்கள்' என்று கேட்டதால்தான் அது அகலத் திறந்தது. உயர்ந்த வாக்கியம் ஒன்றை எழுதி வைப்பவனுக்கு அதன் முழுப் பொருளும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது ஒருநாள் அவனையே கேள்வி கேட்கும். நல்ல இலக்கியத்துக்கும் அந்தக் குணம் உண்டு.

ஆனாலும் மாமா சொன்னது மிச்சமாக நிற்கிறது. நவாப் மகன் போனார், பார்சி போனார், இந்து போனார், வேறு வீடு கட்டிப் பெண்ணும் போனாள். சாந்து ஒட்டின கை? எழும்பூர் மண்டபத்தின் தூண்களை நூல்பிடித்து நிறுத்திய கொத்தனாரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவருடைய மூலைமட்டம் சின்னமாயிற்று; அவர் ஆகவில்லை.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாமென்றுதான் இருந்தேன். பிறகு நம் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. போருக்குப் பின் ஊர் திரும்பி, இடிந்ததையெல்லாம் கட்டியெழுப்பிய நாட்களில், எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் மண்டபத்தை மாமாதான் கட்டினார். முழங்கால் நோவோடு சாரத்தில் ஏறினார். கும்பாபிஷேகம் நடந்தது. உபயகாரர் பெயர்கள் கறுப்புக் கல்லில் பொறிக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர் எல்லாம் இருந்தன. மாமாவின் பெயர் இல்லை. அந்தக் கல்லில் வரவேண்டிய வாசகத்தைச் சந்திப்பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தவன் நான். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்த எனக்கு, ஒரு பெயர் குறைகிறதே என்று தெரியவில்லை.

மாமா அதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கல்லைச் சுவரில் பதித்தவரும் அவர்தான். பதித்து முடித்து, நீர்மட்டத்தை அதன் மேல்விளிம்பில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். "மட்டம் சரி, தம்பி" என்றார்.

அவர் பார்த்த மட்டம் சரிதான். நாம் பார்த்த மட்டந்தான் கோணல். அந்தக் கல்லில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதை எழுதுவிக்கும்படி அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.